நாவலேரியில் ஆமை விடும் விழா

வருஷத்தில் பாதி நாள் ஆபேலின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. டிசம்பரில் அவன் கிறிஸ்துமஸ் தாத்தா. ஆடித் தள்ளுபடியில் ஆரணி ஜவுளிக்கடை வாசலில் கரடி. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் போளூர் செருப்புக் கடைக்கு முயல். கல்யாண வரவேற்பு என்றால் மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற மிருகம். குடியிருக்கும் சந்தவாசலில் கறி வாங்கப் போனால் கடைக்காரர், "இன்னா கரடி, ஈரலும் போடவா?" என்றுதான் கேட்பார். ஆபேலுக்கு அதில் வருத்தம் கிடையாது. வேஷத்துக்குள் இருக்கும்போது யாரும் அவனைப் பார்த்து, நிலையான வேலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்பதில்லை.

வேஷங்களைத் தைப்பவள் அவன் மனைவி ஆன்சி. ஜாக்கெட் தைக்க வரும் பெண்கள், அவள் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கும் கரடித் தலையைப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

பொங்கல் முடிந்த கையோடு ஒரு போன் வந்தது. மாவட்ட ஈரநில எழுச்சிக் குழுமத்திலிருந்து சுவேதா என்ற விழிப்புணர்வு ஆலோசகர் பேசினார்.

"நீங்க ஆமை பண்ணுவீங்களா?"

ஆபேல் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான். "ஆமை பண்ணுவமா?"

"யானையே பண்ணியாச்சு. ஆமைக்கு இன்னா," என்றாள் ஆன்சி.

ஈரநில எழுச்சிக் குழுமம் என்பது மாவட்டத்து ஏரி, குளம், குட்டைகளைக் காப்பாற்றுவதற்காக ஏற்படுத்தப்பட்டது. அது வந்த பிறகு எல்லா நீர்நிலைகளுக்கும் பெயர்ப்பலகை கிடைத்தது. சில இடங்களில் பலகை நீர்நிலையைவிடப் பெரிதாக அமைந்துவிட்டது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குச் சற்றுக் கீழே இருக்கும் நாவலேரியைக் குழுமம் ஒரு வருஷமாக மேம்படுத்திக்கொண்டிருந்தது. அந்த ஏரியில் காலங்காலமாக ஆமைகள் இருந்தன. அதனால் அதற்கு 'ஆமைகளின் இல்லம்' என்று பெயர் சூட்டி, பிப்ரவரியில் ஈரநில தினத்தன்று திறப்பது என்று முடிவாகியிருந்தது. விழாவுக்கு ஓர் ஆமை வேண்டும். குழந்தைகளுக்குக் கை கொடுக்க, விருந்தினரை வரவேற்க, போட்டோவில் ஓரமாக நிற்க.

அளவு, வடிவம் பேசுவதற்குக் குழுமத்தின் அலுவலகத்துக்கு இருவரையும் வரச் சொன்னார்கள். உறுப்பினர் செயலர் கோவிந்தன் நேரிலேயே உட்கார்ந்திருந்தார். கோவிந்தன் கெட்டவர் இல்லை. இதற்கு முன் பட்டு வளர்ச்சியில் இருந்தார், அதற்கு முன் சிறுசேமிப்பில். எந்தத் துறைக்குப் போனாலும் அந்தத் துறையை மனதார நம்பிவிடுவார். பட்டு வளர்ச்சியில் இருந்தபோது கனவில் புழு வரும் என்று சொல்வார்கள்.

திரையில் குழுமத்தின் சின்னம் தெரிந்தது. துடுப்பு போன்ற நான்கு கைகளை விரித்துச் சிரிக்கும் ஓர் ஆமை.

"சார், இது கடல் ஆமையாட்டம் கீதுங்களே," என்றாள் ஆன்சி. "ஏரி ஆமைக்குக் காலு தானே இருக்கும்?"

"எங்களுக்கும் தெரியும்மா," என்றார் கோவிந்தன். "சின்னம் வந்த அன்னைக்கே தெரியும். ஆனா மேலிடத்துல ஒப்புதல் ஆகிடுச்சு. இனிமே ஆமையைத்தான் சின்னத்துக்கு ஏத்த மாதிரி கொண்டுவரணும்."

நிறம் பற்றிப் பேச்சு வந்தது. பச்சை என்றால் ஒரு கட்சிக்கு வருத்தம். மஞ்சள் என்றால் இன்னொன்றுக்கு. பழுப்பு போட்டோவில் எடுபடாது. கறுப்பு துக்கம். கடைசியில், ஏரியைச் சுற்றிக் கட்டியிருக்கும் சுவரின் நிறமே ஆமைக்கும் என்று தீர்மானித்தார்கள்.

பிறகு சுவேதா நடத்தை விதிகளைச் சொன்னார். ஆமை பேசக் கூடாது. மனிதக் கை வெளியே தெரியக் கூடாது. விழா முடிகிறவரை தலையைக் கழற்றக் கூடாது. அதற்குத் தோதாகத் தலையை உடம்போடு சேர்த்தே தைத்துவிட வேண்டும்.

"போன வருஷம் வேற மாவட்டத்துல ஒரு கொக்கு தலையைக் கழட்டி வெச்சிட்டு பீடி குடிச்சிடுச்சு," என்று விளக்கினார். "பேப்பர்ல கலர்ல வந்துது."

"ஒண்ணுக்கு வந்தா இன்னா மேடம் பண்றது?" என்று ஆபேல் கேட்டான்.

சுவேதா கோவிந்தனைப் பார்த்தார். கோவிந்தன் திரையில் சிரித்துக்கொண்டிருந்த ஆமையைப் பார்த்தார்.

"ஆமைகள் பொறுமைக்குப் பேர்போனவை," என்றார்.

ஆன்சி போளூர் மெத்தைக் கடையிலிருந்து தடித்த ஸ்பான்ச் வாங்கி ஓடு செய்தாள். மேலே சாம்பல் துணி. கைகளை முழங்கைவரை விழுங்கும் துடுப்புகள். முதுகில் ஜிப். கண்ணுக்குப் பதிலாக, சிரிக்கும் வாய்க்குள் ஒரு வலைத்துணி. அதன் வழியாகத்தான் ஆபேல் உலகத்தைப் பார்க்க வேண்டும்.

விழா நாளன்று காலையில் போளூரில் மலைபஸ் ஏறினார்கள். கண்டக்டர் சீட்டில் கிடந்த ஆமையை உற்றுப் பார்த்தார்.

"இதுக்கு ஆள் டிக்கெட்டா, லக்கேஜாம்மா?"

"உள்ள ஆளு பூந்தா ஆளு. இல்லாட்டி லக்கேஜு," என்றாள் ஆன்சி. கண்டக்டர் சற்று யோசித்துவிட்டு எதுவும் கிழிக்காமல் முன்னே போய்விட்டார். மலை ஏற ஏறக் குளிர் வந்தது. வளைவுகளில் ஆமை ஆபேலின் மடியில் சாய்ந்தது.

நாவலேரி அழகாகத்தான் இருந்தது. கரையில் இருந்த நாவல் மரங்கள் ஏரியை மறைக்கின்றன என்று அகற்றப்பட்டிருந்தன. கோரையும் சேறும் 'அசுத்தம்' என்ற செலவுத் தலைப்பில் லாரியில் போயிருந்தன. தண்ணீரைச் சுற்றி உள்பக்கம் வழவழவென்று சிமென்ட் பூசிய சரிவு, மேலே முட்டி உயரத்துக்குக் கட்டைச்சுவர், அதைச் சுற்றி நடைபாதை. நடுவில் ஒரு நீரூற்று. போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு பெரிய இதயம். கரையில் ஒரு சிமென்ட் ஆமை, இரண்டு சிமென்ட் குட்டிகளுடன். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு மேடை. அதற்கு 'ஆமை விடுவிப்பு மேடை' என்று பெயர் எழுதியிருந்தது. மேடையிலிருந்து தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே கிடந்தது. கேமராவுக்கு அந்த உயரம்தான் வாகு என்று சொன்னார்கள்.

நுழைவாயிலில் தகராறு நடந்துகொண்டிருந்தது. ஏரிக்கு மேலே சாமை விதைக்கும் பெரியம்மாள் என்ற பெண்மணி, ஈரச் சாக்கு போர்த்திய அலுமினிய அன்னக்கூடை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். காவலாளி குறுக்கே நின்றான்.

"இன்னாம்மா உள்ள?"

"ஆமை."

"ஆமையா? உள்ள வுட முடியாது. இன்னிக்கு ஆமை விழா."

"ஆமை விழான்னு சொன்னாங்கோ. அதான் எட்டாந்தேன்."

"ஐயோ, ஆமையக் கையில வெச்சிருந்தாலே கேஸு. ஜாமீன் கிடையாது. மூடும்மா, மூடு!"

சத்தம் கேட்டு கோவிந்தன் வந்தார். பெரியம்மாள் அவரிடம் நடந்ததைச் சொன்னார். போன வருஷம் ஏரியை வற்றவைத்தபோது ஆமைகள் ஏறி வந்து அவருடைய மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குட்டையில் புகுந்துகொண்டன. மழை பெய்து ஏரி நிறைந்ததும் திரும்பிக் கிளம்பின. கட்டைச்சுவரில் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்துவிட்டன. இப்போது குட்டையும் வற்றுகிறது. மாட்டுத் தொட்டியில் ஏறுகின்றன. மாடு தண்ணீர் குடிக்கமாட்டேன் என்கிறது.

"உங்குளுதை நீங்களே வெச்சிக்கங்க சாமி. எனக்கு மாடு தண்ணி குடிச்சா போதும்."

"அம்மா, ஏரிக்குள்ள இருந்தா அது எங்க ஆமை," என்றார் கோவிந்தன் பொறுமையாக. "உங்க கொட்டகையில இருந்தா, நீங்க வன உயிரினத்தைச் சட்டவிரோதமா வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம். எடுத்துட்டு வந்தீங்கன்னா, கடத்தினீங்கன்னு அர்த்தம்."

"சரி, அப்ப திரும்பி எட்டுக்கினு போறேன்."

"அதுவும் கடத்தல்தாம்மா."

பெரியம்மாள் கூடையை மறுபக்க இடுப்புக்கு மாற்றினார். "ஆமை பூந்த வூடு உருப்படாதும்பாங்க. நான் நம்பினதே இல்ல. இன்னிக்கு நம்பறேன்," என்றார்.

அந்தச் சமயத்தில் ஆபேல் வேஷம் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். ஆன்சி முதுகில் ஜிப்பை இழுத்து, அது பிரிந்துவிடாமல் மேலே நான்கு தையலும் போட்டிருந்தாள். காவலாளி அவனைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து வாயிற்கதவை அகலத் திறந்துவிட்டான். ஆபேல் திரும்பி, வலைத்துணி வழியாகப் பெரியம்மாளைப் பார்த்தான். கூடையில் சாக்கு லேசாக அசைந்தது. நியாயமாக உள்ளே போக வேண்டியது யார் என்று அவனுக்கு ஒரு கணம் குழப்பமாக இருந்தது.

அவனைப் பந்தலுக்குப் பின்னால், விருந்தினர் அறையில் நிற்கவைத்தார்கள். ஆபேல் பல வருஷமாகக் கவனித்த ஒன்று உண்டு: வேஷத்துக்குள் ஆள் இருப்பதை ஜனங்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். கரடிக்கு முன்னால் கணவனைத் திட்டியிருக்கிறார்கள், முயலுக்கு முன்னால் கல்லாவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கோவிந்தனும் சுவேதாவும் மறக்க அதிக நேரம் ஆகவில்லை.

"சார், மேலிடத்துலேர்ந்து பர்மிஷன் வரல," என்றார் சுவேதா. "அசல் ஆமையைத் தொட முடியாது."

"நிகழ்ச்சி நிரல்ல 'ஆமையை நீரில் விடுதல்'னு அச்சாகிடுச்சே. ஏரியில ஏற்கெனவே ஒண்ணு ரெண்டு இருக்கும்ல? அதைக் காட்டிச் சமாளிக்கலாம்."

"ஒண்ணுகூட இல்ல சார்."

"எப்பலேர்ந்து இல்ல?"

"மேம்பாடு ஆரம்பிச்சதுலேர்ந்து."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னேன் சார். 'பணிகளுக்கு ஆமைகள் தாமாகவே இடம்விட்டு ஒத்துழைத்தன'ன்னு அறிக்கையில எழுதச் சொன்னீங்க."

கோவிந்தனுக்கு அது ஞாபகம் வந்தது. நல்ல வாக்கியம்தான். பிறகு இருவரும் மெல்லத் திரும்பி ஆபேலைப் பார்த்தார்கள். காதுகுத்துக்கு முந்தின நாள் கட்டியிருக்கும் கிடாவை ஜனங்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"இதைத் தொடறதுக்கு யார் பர்மிஷனும் வேணாமே," என்றார் கோவிந்தன்.

ஆபேலுக்கு உள்ளே வியர்த்தது. பேசக் கூடாது என்பது விதி. தலையை ஆட்டி மறுக்கலாம் என்று பார்த்தான். ஆன்சி செய்த தலை கனமானது. பக்கவாட்டில் அசைய வேண்டியது முன்னால் சாய்ந்துவிட்டது.

"பாருங்க, ஒத்துழைக்குது," என்றார் கோவிந்தன்.

செய்தி ஆன்சிக்குத் தெரிந்தபோது விருந்தினரின் கார் வந்துவிட்டது. அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு கோவிந்தனிடம் ஓடினாள்.

"சார், அது மெத்தை ஸ்பான்ச்சு! தண்ணி குடிச்சா நாலு பேர் சேந்தாலும் தூக்க முடியாது. அவருக்குக் கையும் வெளிய வராது. நான்தான் தெச்சேன், எனக்குத் தெரியாதா?"

"தண்ணியில எடை குறையும்மா. அது அறிவியல். ஆமை நீந்தும், அதுவும் அறிவியல்."

"அவரு ஆமை இல்ல சார், ஆபேலு!"

"விழா முடியறவரைக்கும் ஆமைதான். ஒப்பந்தத்துல அப்படித்தானே பேசினோம்?"

மேலிடத்திலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் உயரமான, சந்தன வாசனை அடிக்கிற மனிதர். ரிப்பன் வெட்டுவதற்கு முன்பே ஆமையை விட்டுவிடலாம், வெயில் நன்றாக இருக்கிறது என்று போட்டோகிராபர் சொன்னதால், அவரை நேராக மேடைக்கு அழைத்துப் போனார்கள். ஆபேலை நான்கு ஊழியர்கள் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார்கள். விருந்தினர் கேமராவைப் பார்த்துக்கொண்டே ஆமையின் முதுகில் கை வைத்தார். செல்லமாகத்தான் தள்ளினார்.

ஆபேல் தண்ணீரில் விழுந்தான். கூட்டம் கைதட்டியது.

முதலில் மிதந்தான். ஆன்சியின் வேலை அவ்வளவு சுத்தம், தண்ணீர் உடனே உள்ளே வரவில்லை. பிறகு ஜிப் வழியாக, கழுத்துத் தையல் வழியாக, மலைத் தண்ணீர் ஐஸ் மாதிரி முதுகில் இறங்கியது. ஸ்பான்ச் நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தது. கால் தரையில் பட்டது, தண்ணீர் கழுத்தளவுதான். ஆனால் முதுகிலிருந்த ஓடு அவனைப் பின்னுக்கு இழுத்தது. எப்படியோ சரிவுவரை நகர்ந்து வந்தான். சரிவில் ஏற வேண்டும். துடுப்பை வைத்தான், வழுக்கியது. முழங்காலை வைத்தான், வழுக்கியது. பிடிக்க ஒரு கல் இல்லை, வேர் இல்லை, புல் இல்லை. ஒவ்வொரு முறையும் வந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தான்.

மேலே ஒலிபெருக்கியில் விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு காலத்தில் இந்த ஏரியில் என்ன இருந்தது? தண்ணீர் இருந்தது. சேறு இருந்தது. கோரை, மீன், கொக்கு. இவற்றைத் தவிர எந்த வசதியும் கிடையாது! பாவம், ஆமைகள் அதிலேயே எத்தனை காலம் காலந்தள்ளியிருக்கின்றன! இன்று நடைபாதை இருக்கிறது. வண்ண விளக்கு இருக்கிறது. இனி ஓர் ஆமை இந்த ஏரியை விட்டு வெளியே போக முடியாது என்று நான் பெருமையோடு சொல்வேன்!"

கைதட்டல்.

"அங்கே பாருங்கள், நாம் விட்ட ஆமை கரையை வணங்குகிறது. நன்றி சொல்கிறது."

"காப்பாத்துங்க!" என்று கத்தினான் ஆபேல். சத்தம் ஸ்பான்ச்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்தோணியாரை வேண்டிக்கொள்ளப் பார்த்தான். அவர் தொலைந்துபோனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர். தான் தொலைந்துபோகவில்லையே, இத்தனை பேர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்களே என்று தோன்றி, மாதாவிடம் வேண்டினான்.

ஆன்சி கட்டைச்சுவரைத் தாண்டினாள். காவலாளி விசில் ஊதினான். "ஏரியில் இறங்கக் கூடாதும்மா! போர்டு இருக்குது பாரு!" அவள் அவன் கையைத் தட்டிவிட்டுச் சரிவில் உட்கார்ந்தபடி இறங்கப் பார்த்தாள். வழுக்கியது. காவலாளி வாயிலை விட்டு ஓடிவந்ததும் கூடையை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வந்திருந்த பெரியம்மாள், அவளுடைய புடவைத் தலைப்பை எட்டிப் பிடித்தார்.

"நீயும் வுழுந்தா ரெண்டு ஆமை ஆய்டும். இருடி," என்று சொல்லிவிட்டு, கரைக்கு மேலேயே இருந்த வீட்டுக்கு ஓடி மாட்டுக் கயிற்றை எடுத்துவந்து வீசினார். ஆபேல் பிடிக்க முயன்றான். துடுப்பில் விரல் கிடையாது. கயிற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டான். மலைக்காரர்கள் சிலர் வந்து இழுத்தார்கள். சரிவில் பாதி தூரம் ஏறி வந்தவன், குடித்த தண்ணீரின் கனத்தில் அப்படியே சறுக்கி மல்லாந்து விழுந்தான். முகம் தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. இந்தத் தடவை கூட்டம் கைதட்டவில்லை.

விருந்தினரும் பேச்சை நிறுத்தினார். "உள்ளே ஆள் இருக்கிறாரா?" என்று கேட்டார்.

"இருக்கிறார் சார். ஆனா அது வெளியே தெரியக் கூடாதுங்கறது நம்ம விதி," என்றார் சுவேதா.

பந்தல் துணிக்குப் பின்னால், போட்டோவில் விழாதபடி ஒரு பொக்லைன் நிறுத்தப்பட்டிருந்தது. பெரியம்மாள் அதைக் காட்டினார். "அத்த எட்டாந்து சொவத்த இடிங்கய்யா! மண்ணுல இழுத்தா ஆளு வருவான்!"

பொக்லைன் ஓட்டுநர் ஏறி உட்கார்ந்துவிட்டான். கோவிந்தன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"இருப்பா! இந்தச் சுவரை இன்னும் திறக்கவே இல்லையே! திறக்காத சுவரை எந்தத் தலைப்புல இடிக்கிறது? கட்டி முடிக்கலன்னு ஆயிடும்!"

"சார், ஆளு சாவுறாரு!" என்று ஆன்சி கதறினாள்.

கோவிந்தனுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அவர் கெட்டவர் இல்லை என்று முன்பே சொன்னோம். அவர் ஓடிப்போய் ரிப்பனையும் தட்டையும் கத்தரிக்கோலையும் எடுத்துவந்தார். இரண்டு ஊழியர்கள் கட்டைச்சுவருக்குக் குறுக்கே ரிப்பனைப் பிடித்தார்கள். விருந்தினர் அவசரமாக வெட்டினார். போட்டோகிராபர், "சார், ஒன்ஸ்மோர்," என்றான். ஆன்சி தட்டிலிருந்த இன்னொரு கத்தரிக்கோலை எடுத்து அவனைப் பார்த்த பார்வையில் அவன் அதற்குமேல் கேட்கவில்லை. குத்துவிளக்கு ஏற்றுவதை ரத்து செய்தார்கள். நாவலேரி, ஆமைகளின் இல்லம், முறைப்படி திறக்கப்பட்டது, திறக்கப்பட்டதும் இடிக்கப்பட்டது.

பொக்லைன் கட்டைச்சுவரைத் தட்டி, சிமென்ட் சரிவைப் பெயர்த்து, கீழே இருந்த செம்மண்ணைத் தண்ணீர்வரை வாரிவிட்டது. அந்தச் சேற்றில் கயிற்றைக் கட்டி இழுத்ததும் ஆபேல் வந்தான். கரையில் மல்லாக்கக் கிடந்தான். ஆமையின் வாய் சிரித்தபடியே இருந்தது. ஆன்சி அதன் கழுத்தைத் திறப்புவிழாக் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்தாள். உள்ளேயிருந்து நீலம் பாரித்த உதடுகளுடன் ஆபேலின் முகம் வந்தது. குடித்த தண்ணீரைக் கக்கினான்.

"உசுரு கீதா?" என்று ஆன்சி கன்னத்தில் தட்டினாள்.

"கீது," என்றான் ஆபேல். பிறகு, "ஒண்ணுக்கு வந்துடுச்சி," என்றான்.

"பரவால்லங்க. யாருக்குத் தெரியப்போவுது," என்று சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தைத்த கைகளாலேயே ஓட்டைத் துண்டு துண்டாகக் கிழித்து எறிந்தாள்.

எல்லாரும் ஆபேலைச் சுற்றி நின்றார்கள். காவலாளியும் அங்கேதான் நின்றான். பெரியம்மாள் யாரும் பார்க்காத நேரத்தில் அன்னக்கூடையைத் தூக்கிவந்து, இடிந்த இடத்தில் கவிழ்த்தார். ஆமைகள் சேற்றில் விழுந்து, கொஞ்ச நேரம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. யாரும் கைதட்டவில்லை. பெரியம்மாள் கூடையை உதறிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

ஆபேலுக்குக் காய்ச்சல் வந்து, ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் இறங்கியது. அதற்குப் பிறகு பல நாள் அவன் எந்த வேஷத்துக்குள்ளும் போகவில்லை. கழுத்துவரை போர்வை இழுத்துப் போர்த்தினாலும் மூச்சு முட்டுகிறது என்றான். கரடி கேட்டு வந்தவர்களை ஆன்சி திருப்பி அனுப்பினாள். அவன் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்தான். அதில் அவனுக்குக் கை வந்தது.

நாவலேரியில் இடிந்த இடம் அப்படியே கிடந்தது. எந்தத் தலைப்பில் பழுதுபார்ப்பது என்று குழுமத்துக்குத் தெரியவில்லை. கோடை மழையில் அங்கே புல் முளைத்தது, கோரை வந்தது. காலை வெயிலில் ஆமைகள் அந்த மண்ணில் ஏறிக் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தன. மதிப்பீட்டுக் குழு ஒன்று மலைக்கு வந்தபோது, மொத்த ஏரியிலும் உயிர் இருந்த இடம் அது ஒன்றுதான். குழுவின் தலைவர் போட்டோ எடுத்துக்கொண்டே, இது என்ன அமைப்பு என்று கேட்டார்.

கோவிந்தன் ஒரு வினாடிதான் தயங்கினார். "ஆமைச் சரிவு," என்றார். சொன்ன மறுநிமிஷமே அதை மனதார நம்பினார்.

ஆமைச் சரிவுக்கு மாநில அளவில் விருது கிடைத்தது. மாவட்டத்தின் மற்ற ஏரிகளிலும் அதையே செய்ய ஆணை வந்தது. ஒரு நாள் மத்தியானம் ஆபேலின் போன் அடித்தது. கோவிந்தன் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

"ஆபேல், உடம்பு தேவலையா? அடுத்த மாசம் ரெடியா இருங்க. நாவலேரி முறையை எல்லா ஏரியிலயும் கொண்டுவரப் போறோம். முதல்ல சுவர் கட்டறோம். அப்புறம் நீங்க உள்ள விழறீங்க. அப்புறம் இடிக்கிறோம்."

"நான் எதுக்கு சார் வுழணும்?"

"நாவலேரியில விழுந்தீங்களே. முன்னோடித் திட்டத்துல எது எப்படி நடந்துதோ, அப்படியே செய்யணும்னு உத்தரவு. ஒண்ணைக்கூட விட முடியாது. பயப்படாதீங்க, இந்தத் தடவை மிதவைச் சட்டை வாங்கியிருக்கோம். போட்டா வெளியே தெரியும்ங்கறதால கரையில வெச்சிருப்போம்."

ஆபேல் கையிலிருந்த ஊசியைக் குத்திவைத்தான். பழைய ஆபேலாக இருந்தால் சரிங்க சார் என்று சொல்லியிருப்பான். தண்ணீருக்குள் துடுப்பு வழுக்கியதும், மேலே கைதட்டல் கேட்டதும் ஞாபகம் வந்தது.

"சார், ஒண்ணு கேக்கறேன். மொதல்லயே சொவரு கட்டாம வுட்டுட்டா இன்னா சார்?"

மறுமுனையில் கோவிந்தன் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் எதை இடிக்கிறது?" என்று கேட்டார்.

ஆபேல் போனைப் பொத்திக்கொண்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான். ஆன்சி மெஷினை நிறுத்தினாள். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து உதறினாள்.

"அவரையே வரச் சொல்லுங்க," என்றாள். "இடுப்பளவும் தலையளவும் கெடைச்சா, ரெண்டு நாள்ல தெச்சுக் குடுத்துடறேன்."